ஞாபகமில்லை என்று சொன்ன நாள்

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டைக் கொடுத்தவள் மருத்துவமனை மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரி. மாத்திரைக்கு என் ரத்த அழுத்தம் அடங்கவில்லை என்று டாக்டர் என்னை அவளிடம் தள்ளிவிட்டார். மனசுக்கு ஆலோசனை சொல்கிறவளாம். என் மகளைவிடச் சின்னவள்.

"மனசுல இருக்கறத எறக்கி வைங்கம்மா. பக்கத்துக்கு ஒரு கேள்வி அச்சடிச்சிருக்கு. தோணுறத எழுதுங்க. வேற யாரும் படிக்க மாட்டாங்க."

யாரும் படிக்காததை எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டேன். சிரித்தாள். பதில் தெரியாதவர்கள் சிரிப்பார்கள்.

நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம், எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு, எத்தனை உறை என்று எழுதிவைத்தவள் நான். எழுத எனக்குப் பயமில்லை.

முதல் கேள்வி: இன்று நீங்கள் நன்றி சொல்ல விரும்பும் மூன்று விஷயங்கள்?

ஒன்று, மருமகள் சாயங்காலம் வரை வீட்டில் இல்லை. இரண்டு, வெயில் இருந்தது, துணி காய்ந்தது. மூன்று – இல்லை. இல்லாததை எங்கே போய்த் தேடுவது?

மார்ச் 5, வியாழன்

கேள்வி: உங்களிடம் உங்களுக்குப் பிடித்த குணம் எது?

ஞாபகம். இந்த வீட்டில் யாருக்கும் இல்லாதது. எல்லாருடைய போன் நம்பரும் என் தலையில் இருக்கிறது. சலவைக்கூடத்தில் நான் சேர்ந்த அன்று மேஸ்திரி என்னைப் பார்த்து, "இது மூட்டை தூக்குமா?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். என்னிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டான். 'இது' என்றான். அவன் ஓய்வு பெற்ற அன்று மாலை போட எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மருமகள் இந்த வீட்டுக்குள் வந்து சொன்ன முதல் வார்த்தை, "திரைச்சீலை இந்தக் கலரா?" பதினேழு வருஷம் ஆகிறது. திரைச்சீலை கிழிந்தபோதும் அதே கலரில்தான் வாங்கினேன்.

மார்ச் 8, ஞாயிறு

கேள்வி: கண்ணாடியைப் பார்த்து உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். – வேலையற்ற வேலை.

மார்ச் 10, செவ்வாய்

கண்ணாடிக்காரி, "உங்களுக்கு யார் மேலம்மா கோபம்?" என்றாள். "உங்களுக்கு எத்தன மணிக்கு வேலை முடியும்?" என்று கேட்டேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை, தண்ணீர் கொடுத்தாள்.

கேள்வி: உங்களைக் காயப்படுத்திய ஒருவருக்கு, அனுப்பாத கடிதம் ஒன்று எழுதுங்கள்.

மகளுக்கு.

உன் அப்பா படுத்திருந்தபோது ஒரே ஒரு தடவை பார்க்க வந்தாய். ஏழாம் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்கிற மாதிரி, "நீ துணி மடிச்ச எடம்ங்கிற பாசத்துல அப்பாவ இங்கயே போட்டு வச்சிருக்க. வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எழுந்து நடந்திருப்பாரு" என்றாய். நான் அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். மிச்சச் சுளையைக்கூட அவர் வாயில் வைக்க முடியவில்லை. இருபத்தாறு வருஷம் நின்று நின்று கால் வீங்கி வேலை பார்த்த இடத்தில், எனக்கு வணக்கம் சொல்கிறவர்கள் முன்னால் சொன்னாய்.

பிறகு அவர் போனார். அன்றைக்கு நீ எப்போது வந்தாய்? சாயங்காலம் ஐந்தரைக்கு. நாலு மணிக்கு அடக்கம் முடிந்துவிட்டது. பெட்டியோடு வாசலில் நின்றாய். "இப்ப வந்து என்ன? சாப்பாடு மிச்சமிருக்கு, தின்னுட்டுப் போ" என்றேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனாய். போனவள் போனவள்தான். ஒன்பது வருஷம். நான் சாகும்போதாவது நேரத்துக்கு வா.

(எழுதி முடித்ததும் சுகமாகத்தான் இருந்தது. கண்ணாடிக்காரியிடம் சொல்லக் கூடாது.)

மார்ச் 13, வெள்ளி

மகனுக்குப் பித்தப்பையில் கல். இருபத்தேழாம் தேதி அறுவை. சின்ன விஷயம்தான், நாலைந்து நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஆனால் அவன் முகம் வெளுத்துவிட்டது. அப்பாவைக் கொண்டுபோய்ப் போட்ட அதே கட்டடம். சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான், "அக்காவுக்குச் சொல்லணும்மா."

"எதுக்கு?"

"எனக்குப் பயமா இருக்கும்மா. அவ வந்தா நல்லாருக்கும்."

நாற்பத்தேழு வயது. தலையில் பாதி நரை. அக்கா வேண்டுமாம்.

மார்ச் 15, ஞாயிறு

செய்தி அனுப்பியிருக்கிறான். பதில் வந்தது. எனக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, மருமகள் சமையலறை வாசலில் நின்று சத்தமாகப் படித்தாள்.

"அப்பா செத்ததையே பதினோரு மணிக்குச் சொல்ல வச்சவன் நீ. இத மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் சொல்ற?"

மகன் அவள் கையிலிருந்து போனை வாங்கித் திரும்பப் படித்தான். பிறகு என்னிடம் வந்தான். கோபமாக வரவில்லை. புரியாத கணக்கோடு வாத்தியாரிடம் வரும் பிள்ளை மாதிரி வந்தான்.

"ஏம்மா, அன்னிக்குக் காலைல அக்காவுக்கு நீ சொல்லிட்டேன்னுதான என்கிட்ட சொன்ன? அவ ஏன் நான்தான் சொல்லலைங்கிறா?"

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஞாபகமில்லப்பா" என்றேன்.

மார்ச் 16, திங்கள்

மருமகள் காலையிலிருந்து என்னைப் பார்க்கிறாள். நான் ஞாபகமில்லை என்று சொல்லி இந்தப் பதினேழு வருஷத்தில் அவள் கேட்டதில்லை.

மார்ச் 18, புதன்

கேள்வி: அதே நாளை, உங்களைக் காயப்படுத்தியவரின் இடத்தில் நின்று எழுதுங்கள்.

மாட்டேன்.

(மதியம்.) சலவைக்கூடத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை வெந்நீரில் போட்டாலும் சில விரிப்பில் கறை போகாது. நல்ல துணியைத் தூக்கிப்போட மேஸ்திரி விட மாட்டான். கறை இருக்கும் இடத்தை உள்ளே வைத்து மடித்து, அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துவிடுவோம். மேலே இருப்பதைத்தான் எடுப்பார்கள். புதிய அடுக்கு மேலே வந்துகொண்டே இருக்கும். அடியில் இருப்பது அடியிலேயே இருக்கும். என்னைப் போல் கச்சிதமாக மடிக்க அங்கே ஆள் கிடையாது.

சரி. எழுதுகிறேன். எனக்கு எல்லாம் தெரியும்.

விடியற்காலை ஐந்து பத்துக்கு அவர் மூச்சு நின்றது. ஐந்தரைக்கு மகனுக்குப் போன் செய்தேன். ஆறுக்கு வந்துவிட்டான். "அக்காவுக்கு?" என்றான். "சொல்லிட்டேன்" என்றேன். சொல்லவில்லை. அவள் நம்பர் தலையில் இருந்தது, போன் கையில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி என்னைப் பார்த்தாள் – அன்று ஆரஞ்சு உரித்தபோது பார்த்த அதே பார்வை. மகளுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம்தான். ஒரு மணி நேரம் என்று நினைத்தேன். ஏழானது. எட்டானது. அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். நாலு மணி என்று சொன்னது நான். "அக்கா வந்து சேந்துருவாளா?" என்று மகன் கேட்டான். "கிளம்பிட்டாளாம்" என்றேன். அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம். அதுவும் எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்குப் போன் செய்தேன். அவள் அலறினாள், "இப்பச் சொல்றியேம்மா!" நான் சொன்னது: "காலைலயே தம்பிகிட்ட சொல்லச் சொன்னேனே, அவன் சொல்லலையா?"

அதுதான். அந்த ஒரு வரி. அவளிடம் பழியைத் தம்பி மேல் போட்டேன், அவனிடம் அக்காவுக்குச் சொல்லியாச்சு என்றேன். அவள் வந்து நின்றபோது – கால் வீங்கி, முடி கலைஞ்சு, ஆறு மணி நேரம் பஸ்ஸுல அழுதுட்டு வந்து நின்ன பொண்ணுகிட்ட, சாப்பாடு மிச்சமிருக்குன்னு சொன்னேன். பாவி. நான்தான். வேற யாரு?

ஒன்பது வருஷமாக அவள் தம்பியோடு பேசவில்லை. அக்காவுக்கு என்ன கோபம் என்று இவனுக்குத் தெரியவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து இவன் சொல்வதற்கெல்லாம் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, வியாழன்

இந்தப் பக்கத்தை வெட்டி எடுக்க பிளேடு எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன்.

மார்ச் 21, சனி

வாயால் சொல்லிப் பார்த்தேன். மகன் சவரம் செய்துகொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். "என்னம்மா?" என்றான். "சோப்பு தீரப்போவுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுபத்தொரு வயதில் எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன், யாரிடமாவது வாயடைத்துப் போயிருக்கிறேனா?

இந்த நோட்டை அவன் மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையில், துண்டுக்கு மேலே வைக்கப் போகிறேன். அடியில் இல்லை. அந்தப் பக்கத்தில் பேனாவைச் செருகியிருக்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

நோட்டு இன்று என் கட்டில் மேல் கிடந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை.

நடந்ததை எழுதிவைக்கிறேன். அவன் அன்றைக்கே படித்துவிட்டான். கூடத்தில் நின்றபடியே படித்தான், உட்காரவில்லை. முடித்துவிட்டு, "ஒன்பது வருஷமா அவகிட்ட கெட்ட பேரு வாங்குனவன் நானா?" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது பழக்கம். அதன்பிறகு என்னோடு பேச்சில்லை. "சாப்பிட வாப்பா" என்றால் வருவான், சாப்பிடுவான், எழுந்துபோவான். மருமகள்தான் மகளுக்குப் போன் செய்து அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள்.

இருபத்துநாலாம் தேதி கண்ணாடிக்காரி, "நோட்டு எங்கம்மா?" என்றாள். "படிக்கக் குடுத்திருக்கேன்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இப்ப எப்படி இருக்கு?" என்றாள். "நீங்க சொன்ன மாதிரி எறக்கிட்டேன். இப்ப அத அவங்க தூக்கிட்டு நிக்கிறாங்க" என்றேன்.

இருபத்தேழாம் தேதி அறுவை நல்லபடியாக முடிந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் மருமகளும் நானும். பதினோரு மணிக்கு வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி வந்தாள். உடம்பு போட்டிருக்கிறது. நடை என் நடை. நேராக மருமகளிடம் போய், "வெளிய கொண்டுவந்துட்டாங்களா?" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. தம்பியின் கட்டிலுக்குப் போய் அவன் தலையில் கை வைத்தாள். மயக்கம் முழுசாகத் தெளியாதவன், "அக்கா, நான் சொல்லாம விடல" என்றான். "தெரியும்டா. படுடா" என்றாள்.

ஏப்ரல் 2, வியாழன்

நேற்று மகனை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மகளும் கூடவே வந்தாள். எல்லாரும் உள்ளே போனபிறகு, அன்று நின்ற அதே இடத்தில், வாசலில் நின்றாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என்னிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"சாப்பாடு மிச்சமிருக்கா?"

முகத்தில் ஒன்றும் இல்லை. என் வார்த்தையை ஒன்று குறையாமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள்.

"இருக்கு" என்றேன்.

செருப்பைக் கழற்றினாள். தட்டை எடுத்துக்கொண்டு தம்பி அறைக்குப் போய்விட்டாள். சாப்பிட்ட தட்டை அவளே கழுவிக் கவிழ்த்தாள், என்னைத் தொடவிடவில்லை.

இன்றைய பக்கத்தில் முதல் நாள் கேட்ட கேள்வியே மறுபடி அச்சடித்திருக்கிறது. கேள்வி தீர்ந்துவிட்டது போல. நன்றி சொல்ல மூன்று விஷயம்.

ஒன்று, பையன் எழுந்து நடக்கிறான்.

இரண்டு, அறைக்குள் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். தையல் வலிக்குது, சிரிக்க வைக்காதக்கா என்று அவன் கெஞ்சுகிறான். கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். ஆனாலும் கேட்கிறது.

மூன்றாவதை எழுதுமுன் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். மார்ச் பதினெட்டாம் தேதிப் பக்கம் இல்லை. பிளேடு வைத்து ஓரமாக, நேராக வெட்டியிருக்கிறார்கள். மருமகளைக் கேட்டேன்.

"அண்ணிதான் எடுத்தாங்க. நாலா மடிச்சு கைப்பைல வச்சிருக்காங்க" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "கேட்டு வாங்கித் தரட்டுமா அத்தை?" என்றாள்.

வேண்டாம் என்றேன். தர மாட்டாள். நானாக இருந்தாலும் தர மாட்டேன்.