கிணற்றுச் சுவர்ப் பெரணி

தெய்வநாயகிக்கு, பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்து வேதாசலம் எழுதுவது. நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மாவின் இருமல் குறைந்ததா?

ஒல்லாந்து வைத்தியர் கண்ணாடிப் பெட்டியில் தவளை வளர்க்கிறார். அதற்குள் நட சிறு பெரணிகளைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. நம் ஓடைக்கரைப் பெரணி ஆகாது, மூடியை முட்டிவிடும். நல்ல தண்ணீர்க் கிணற்றின் உட்சுவரில் விரலளவே வளர்வதைப் பாசியோடு பெயர்த்தேன்.

மீன் விற்கும் ராஜாத்தி எட்டிப் பார்த்தாள். “இன்னாய்யா, தவளைக்குத் தோப்பு வெக்கிறியா? அப்டியே ஒரு பொண்ணும் பாத்துடு!”

கிணற்றடியில் நின்ற எல்லோரும் சிரித்தோம்.

செடி பிழைத்தால் அதைப் பார்த்துக்கொள்ள நானும் அவரோடு கப்பலில் கடலுக்கு அப்பாலுள்ள பத்தாவியாவுக்கு வரவேண்டும், பட்டுப்போனால் ஊருக்குப் போகலாம் என்றிருக்கிறார் வைத்தியர். ஏரியின் உப்புத் தண்ணீர் ஒரு குவளை போதும், கருகிவிடும். நேற்று அள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். பெட்டிக்குள் ஒரு தளிர் சுருள் பிரிந்துகொண்டிருந்தது. தண்ணீரை வாசல் மணலில் கொட்டினேன்.

கோபப்படாதே. கடலில் குளிருமாம். ஒரு போர்வை வேண்டும். புதிது வேண்டாம், நீ போர்த்தியதே போதும். யாரிடமும் கொடுத்தனுப்பாதே. அமாவாசைக்குள் நீயே கொண்டு வா. கப்பல் அதுவரை நிற்கும்.