இரண்டாவது கையெழுத்து

நவ. 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மந்தைவெளி முழுக்கச் சேறு. துணி காயவில்லை.

பிரவுசர் பேக்கேஜ் கட்டியாயிற்று. சாந்தோம் பள்ளியின் கிழட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு எங்கள் குட்டி லினக்ஸை விட்டால் கதியில்லை. மூல நிரலிலிருந்து தாமே கட்டிக்கொள்ளத் தெம்பும் கிடையாது. நான் கட்டி வைப்பதை அப்படியே இறக்கிக்கொள்ளும். அதனால்தான் அந்த விதி: இங்கே நான் ஒரு தடவை, அடையாறில் என் கூட்டாளி சேவியர் தன் கம்ப்யூட்டர் பெட்டியில் தனியாக ஒரு தடவை. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் எங்கள் இரண்டு டிஜிட்டல் கையெழுத்தும் விழும், பள்ளி இறக்கிக்கொள்ளும் ரெப்போவில் ஏறும். நடுவில் எவனும் விஷம் கலக்க முடியாது.

சேவியரிடமிருந்து வழக்கம்போல் "பொருந்துகிறது". ஒரு ஹலோ கிடையாது. துரைக்கு அவ்வளவு பிஸி.

நவ. 14, வியாழன்

மழை. இட்லி மாவு புளித்துவிட்டது.

என் முட்டாள்தனம். "தயிர் வாங்கணும்" என்று எனக்காகத் தட்டி வைத்த குறிப்பு, எடிட்டர் பேக்கேஜுக்குள் போய்விட்டது. சேவியர் பக்கம் அது இருக்க வழியே இல்லை. பொருந்தாது, திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"பொருந்துகிறது."

எப்படி? அவன் பெட்டியிலும் தயிரா? என்னுடையதைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது. அவன் முடிக்கும்வரை இங்கிருந்து எதுவும் வெளியே போகாது. அவன் போன் எடுக்கவில்லை.

நவ. 15, வெள்ளி

கற்பூரம் தீர்ந்துவிட்டது.

அடையாறு போனேன். ஆட்டோக்காரர்: "இன்னாமா, ரோடெல்லாம் தண்ணியா கீது. போயே ஆவணுமா?"

சேவியரின் மனைவி ரீட்டா பரணைக் காட்டினாள். "அந்தப் பொட்டியா? அவரு மஸ்கட் போறப்பவே கட்டி மேல போட்டுட்டாரு அக்கா. யாரும் தொடல." பாலிதீன் சுற்றி, மேலே கிறிஸ்துமஸ் ஸ்டார். எல்லாவற்றின் மேலும் தூசி.

அங்கிருந்தே அவனுக்கு வீடியோ கால்.

"நான் எப்பவோ நிறுத்திட்டேன், மெயில் போட்டேனே! என் கையெழுத்துப் போடற டிஜிட்டல் சாவி அந்தப் பொட்டிக்குள்ளதான். வேற எங்கயும் இல்ல."

அந்த மெயில் எனக்கு வரவேயில்லை. அப்படியானால் இத்தனை நாள் பொருத்தம் பார்த்தது யார்?

நவ. 16, சனி

திடீரென்று வெயில்.

தயிர்க் குறிப்பை அழித்தேன். சேவியர் கையெழுத்தை நீக்கினேன். ரெப்போ இருப்பதும் இதே பெட்டியில்தான், அதனால் காலையிலேயே இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். இனி இங்கிருந்து ஒன்றும் போகாது. திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் பரீட்சை. மதியம் பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சர் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, எந்த அப்டேட்டும் வேண்டாம் என்றேன்.

"ஐயோ மேடம், இப்பதான் ஒண்ணு வந்துச்சு. எல்லாத்துலயும் போட்டுட்டேனே. ரெண்டு கையெழுத்தும் சரியா இருந்துச்சு."

"ரெண்டா? என்னோடதுமா?"

"ஆமா. உள்ள ஒரு குறிப்புகூட இருந்துச்சு, சிரிப்பு வந்துடுச்சு. 'தயிர் வாங்கணும், கற்பூரமும்'னு."

கேபிள் என் மடியில் கிடக்கிறது.

வீட்டில் நான் ஒருத்தி. கற்பூரம் தீர்ந்ததை யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பேப்பர் நோட்டில் மட்டும்தான் எழுதினேன்.