வாஷ்பேசின் பக்கத்துத் துண்டு

என் பிரியமானவளுக்கு,

நீயும் சின்னவளும் சௌக்கியமா? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் என் குரலைக் கேட்டு நீ பயந்திருப்பாய். வெறும் வாந்தி பேதிதான். இப்போது கஞ்சி இறங்குகிறது.

அறையில் ஆறு பேருக்கும் வந்துவிட்டது. கழிப்பறையோ ஒன்றுதான், கதவைத் தட்டித் தட்டியே கை வீங்கியது. அன்று சமைக்கும் முறை எங்கள் அறை வெல்டருடையது என்பதால் அவரைப் பிடித்து வறுத்தெடுத்தோம். ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னதும் டாக்டர் சிரித்தார். "கெட்ட சாப்பாடு, தண்ணியாலயும் வரும். ஆனா பெரும்பாலும் வைரஸ்தான், கைக்குக் கை பரவும். இது வராத ஆளே கிடையாது. ஆமா, கையை எதுல தொடைக்கிறீங்க?"

நீ கொடுத்தனுப்பிய துண்டில்தான். வீட்டு வாசனை அடிக்கிறது என்று ஆளாளுக்கு வாங்கி முகர்ந்தார்கள். நான்தான் பெருமையாக அதை வாஷ்பேசின் பக்கத்தில் மாட்டினேன், எல்லாரும் துடைத்துக்கொள்ளட்டும் என்று.

வெல்டர் வஞ்சம் தீர்த்துக்கொண்டார். பெரிய பாத்திரத்தில் சோப்புத்தூள் போட்டுத் துண்டை வேகவைத்துவிட்டார். இப்போது அது சுத்தம். ஒரு வாசனையும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து எழுந்து போய் முகர்ந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

வேறு துண்டு ஒன்று அனுப்பு. புதுசு வேண்டாம். நீ நாலு நாள் தலை துவட்டியதாக இருக்கட்டும். இந்தத் தடவை யார் கண்ணிலும் காட்டமாட்டேன்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. துவைத்து அனுப்பிவிடாதே.

உன்னவன்