வலிக்கு லீவு

அத்தை,

இன்று நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் முழங்காலில் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள்தான் கண்முன் வந்து நின்றீர்கள். செத்தும் விடமாட்டீர்களா என்று திட்டிக்கொண்டேன்.

குன்னூரில் இதே கிளினிக்குக்கு உங்களைக் கூட்டிவந்தவள் நான்தானே. உங்கள் மகன், என் புருஷன், போய்ச் சேர்ந்த பிறகு தேயிலை எஸ்டேட் வேலைப் பதிவில் பேர் இருந்தது உங்களுக்கு மட்டும். பேர் இருக்கும்வரைதான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு. எனக்கு வேலை நிரந்தரமாகும்வரை கொழுந்து பறித்தே தீரவேண்டும் என்று, தேய்ந்த மூட்டில் மரப்பு ஊசி போட்டுக்கொண்டீர்கள். போட்டதும் கிளினிக் படியில் இறங்கி ஏறிப் பார்ப்பீர்கள். "ஏம்புள்ள, என்ற காலு இருக்குதா இல்லையான்னே தெரியலையே!" என்று சிரிப்பீர்கள். மற்ற நாளில் உங்கள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர் யார்?

அதன் பிறகாவது சும்மா இருந்தீர்களா? அன்றைக்குத்தான் செங்குத்தான சரிவைக் கேட்டு வாங்குவீர்கள். கொழுந்து மூட்டையோடு ஓட்டமாய் இறங்குவீர்கள். வந்த கையோடு விறகுக்கும் கிளம்புவீர்கள். "வலிக்கு இன்னிக்கு லீவு புள்ள. அது திரும்பி வாரதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுப்போடோணும்." லைனில் பாதிப் பெண்கள் அப்படித்தான் ஊசி போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் கால்வலி என்று ஒருநாள் உட்கார்ந்ததற்கு, "மவராணிக்குப் பல்லக்கு கொண்டாரச் சொல்லட்டுமா?" என்று ஊரே கேட்கக் கத்தினீர்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியில் கக்கூசுக்குத் தவழ்ந்து போனீர்கள். தூக்க வந்த என் கையைக் கிள்ளினீர்கள். எனக்கு வேலை நிரந்தரமான சேதியைச் சொன்னபோது, "இனி எனக்கென்ன" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், அப்புறம் எழவே இல்லை.

போன வாரம் உங்களுக்குப் போட்ட அதே ஊசியை எனக்கும் போடச் சொல்லிக் கேட்டேன். கிளினிக்குக்குப் புதிதாய் வந்திருக்கும் டாக்டரம்மா என் காலின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த மருந்து வலியை மட்டும் மரக்க வைக்கறதில்லைங்க. மூட்டுல இருக்கற குருத்தெலும்போட செல்லையும் கொல்லும். ஏற்கெனவே தேஞ்ச மூட்டு அதைத் தாங்காது. திரும்பத் திரும்பப் போட்டா, செத்தது மறுபடி முளைக்காதுங்க."

உங்களுக்கு ஊசி போட்ட அந்தப் பழைய டாக்டரை நீங்கள் ஒவ்வொரு தடவையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வருவீர்களே, அது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாவம் என்று தோன்றியது அதற்கும் பிறகுதான்.

மேடு ஏறாமல் கொஞ்ச நாள் இருங்கள் என்றார் டாக்டரம்மா. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். "ஏற முடியலைன்னா பேரை வெட்டிக்கலாங்க, ஊட்டையும் காலி பண்ணிருங்க" என்றான். உங்கள் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். அவளை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

எல்லாம் தெரிந்துதான் இன்று வந்தேன். டாக்டரம்மா வேண்டாம் என்றே சொன்னார். அழுது கெஞ்சினேன். இந்த ஒரு தடவைதான் என்று திட்டிக்கொண்டே போட்டார்.

நீங்கள் விட்டுப்போன வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். உங்களுடைய அந்தப் பாழாய்ப்போன பிடிவாதமும் கூடவே வந்துவிட்டது. வெளியே வந்ததும் கிளினிக் படியில் இறங்கி ஏறிப் பார்த்தேன். வலிக்கவே இல்லை, அத்தை.

விறகுக்குப் போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.