உன் பேரில் நான் குடித்த கோப்பை

சான் மெலேசியோ,
நவம்பர் 18, செவ்வாய்

அன்பு மகன் நபோருக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அவள் முழங்கால் வலிதான் மழை நின்ற பிறகும் நிற்கவில்லை. அங்கே லாஸ் ஏஞ்சலிஸில் நீயும் மரிபெல்லும் பிள்ளைகள் இரண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் விளக்கை அணைக்கிறேன். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று பயப்படுவாய், பயப்படுகிற விஷயம்தான். போனை எடுத்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள், அதனால் மோலே மசாலாப் பொட்டலத்துக்கு அடியில் இதை மடித்து வைத்துப் பார்சல்காரனிடம் கொடுக்கிறேன், சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடுமாம். நிதானமாகப் படி.

இந்த ஞாயிறு சுற்றுலாக்காரர்கள் பதினான்கு பேர், வேனில் மூச்சுவிட இடமில்லை. காலையில் ட்லாகோலூலா சந்தை, மத்தியானம் மிட்லா இடிபாடுகள், இருபத்தாறு வருஷமாக அதே பாதை. வேன் நம் ஊர் முக்கில் திரும்பும்போது மேல்தளம் போடாமல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற உன் வீட்டைக் காட்டி, இதுவும் பழைய காலத்து இடிபாடுதானா என்று ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மகன் பதினோரு வருஷமாகப் பணம் அனுப்பிக் கட்டுகிற வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சந்தையில் உன் ஞானத்தகப்பன் பிதென்சியோவின் ஆட்டுக்கறிக் கடையில்தான் கூட்டத்தை எப்போதும் சாப்பிட நிறுத்துவேன், உனக்குத் தெரியும். சாப்பிட்டு முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு சின்ன நாடகம் போடுவோம். அவர் ரொட்டியும் மெஸ்கால் சாராயக் கோப்பையும் நீட்டுவார். எங்கள் ஊரில் ஒருவனைச் சம்பளமில்லாத ஊர் வேலைக்கு இப்படித்தான் அழைப்பார்கள், இரண்டு கையாலும் வாங்கிக் குடித்துவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று, அப்புறம் அப்பனே வந்து கெஞ்சினாலும் மாற்ற முடியாது என்று நான் விளக்கம் சொல்லி ஒரே மடக்கில் குடிப்பேன், அவர்கள் கை தட்டுவார்கள். இந்த ஞாயிறு பிதென்சியோவுக்கு இரண்டு பக்கமும் கையில் கோலோடு ஊர்க் காவலர்கள் நின்றார்கள். இந்த வருஷம் அவர்தான் ஊர்ச்சபைத் தலைவர் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, கூட்டம் பெரிசாயிற்றே, மனுஷன் நாடகத்தை ஜோராக்கிவிட்டாரே என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். "ஹசிந்தோ, ஊர் உங்க மகன் நபோரைக் கூப்பிடுது. ஜனவரி ஒண்ணுலேர்ந்து ஒரு வருஷம், தண்ணிக் கமிட்டி. அவன் பேருல இதை வாங்கிக்கிறீங்களா?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில், "வாங்கிக்கிறேன், எம் மகன் வருவான்" என்று சொல்லிக் குடித்தேன். பதினான்கு பேரும் கை தட்டினார்கள், டெக்சாஸிலிருந்து வந்த ஒரு அம்மாள் போனில் படமே எடுத்துவிட்டாள். பிதென்சியோ வழக்கமாகக் கண் சிமிட்டுவார், அன்றைக்குச் சிமிட்டவில்லை. காவலர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அப்போதுதான் இது நாடகமில்லை என்று எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு மிட்லாவில் நான் என்ன சொன்னேனோ, எந்தச் சுவரைக் காட்டினேனோ, எனக்கே தெரியாது.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை சபை கூடி உன் பெயரை எடுத்திருக்கிறார்கள், நான் அன்றைக்குச் சவாரியோடு நகரத்தில் இருந்தேன். நாடகம் என்று நினைத்துத்தான் குடித்தேன் என்று சொன்னேன். அவருக்கும் முகம் செத்துப்போயிற்று. முன்னாலேயே காதில் போட்டிருக்கணும், தப்புதான் என்றார். ஆனாலும், "வருஷக்கணக்கா நம்ம ரெண்டு பேரும் அதை வேடிக்கையா வெச்சிருந்தோம், ஊரு பார்த்துக்கிட்டே இருந்திருக்கு" என்றார். கோப்பையை வாங்காமல் இருந்திருந்தால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் தவணை கேட்டிருக்கலாம், வடக்கே இருக்கிற வேறு இரண்டு பையன்களுக்குக் கொடுத்தும் இருக்கிறார்கள். அந்தத் தவணையைத்தான் நான் குடித்துத் தீர்த்துவிட்டேன். முன்பு இரண்டு முறை உனக்குப் பதில் நானே வேலை பார்த்தேன், இப்போது அறுபது தாண்டியவனை ஏற்கமாட்டார்களாம். நேற்றுச் சபையில் எழுந்து நின்று கெஞ்சினேன். அந்த டெக்சாஸ் அம்மாள் எடுத்த படம் ஊர் முழுக்கப் போய்விட்டது, என் முகத்தை எனக்கே காட்டினார்கள், நான் சிரித்துக்கொண்டே குடிக்கிறேன். வாக்குக் கொடுத்துவிட்டு வராதவனுக்கு ஊர் நிலத்தில் இடமில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி நீ நிற்காவிட்டால் மனையும் அதில் இருக்கிற வீடும் ஊருக்கு.

நீ வந்தால் வீடு மிஞ்சும், ஆனால் திரும்பிப் போக உனக்கு ஏது காகிதம்? பாலைவனத்தை இன்னொரு தரம் நடந்து தாண்டுகிற வயதா உனக்கு, தாண்டினாலும் இப்போது விடுகிறார்களா? உன் பெண் யாரெலிக்கு ஒன்பது வயது, அப்பா ஒரு வருஷத்தில் வந்துவிடுவார் என்று அவளிடம் யார் பொய் சொல்வது? எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் வழி தெரியவில்லை மகனே.

இதிலே இன்னொரு பாவமும் செய்துவிட்டேன். நான் வீடு திரும்புவதற்கு முன்னாலேயே சந்தையிலிருந்து சேதி வந்துவிட்டது. உன் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம பிள்ளை வர்றானாமே என்றாள். அந்த முகத்தை நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்ததில்லை. ஆமாம், அவனே போனில் ஒத்துக்கொண்டான் என்று சொல்லிவிட்டேன், அவனிடம் இப்போதைக்கு அதைப் பேசாதே, மரிபெல் கோபமாக இருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவளோ உன் பழைய அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள், உன் வரவுக்கென்று இரண்டு வான்கோழி வாங்கி மக்காச்சோளம் போட்டுக் கொழுக்க வைக்கிறாள். மரிபெல்லும் பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்று மட்டும் அவள் கேட்கவேயில்லை. கேட்டால் சந்தோஷம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவை எழுதுகிறேன், இனிமேல் எழுதமாட்டேன். நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. சவாரி முடித்து வரும்போது வேன் சத்தம் கேட்டு நீ வெளியே வருவாய் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போது சொல்கிறேன் கேள், வராதே. வீடு போகட்டும், உன் முதுகு ஒடிந்த உழைப்பு என் ஒரு மடக்கில் போயிற்று, என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள். பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு அடிகூட எடுத்து வைக்காதே. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று சொன்னாயே, அதை முதலில் மாற்று, விளக்குக்காக நிறுத்துகிற போலீஸ்காரன் காகிதம் கேட்பான். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. யாரெலியிடம் தாத்தா முத்தம் கொடுத்ததாகச் சொல்.

மாதா உன்னையும் உன் வீட்டாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வருகிற ஞாயிறு சாயங்காலம் உன் அம்மா உனக்குப் போன் செய்வாள், நான் எவ்வளவு தடுத்தாலும் செய்வாள். வரவில்லை, மனசு மாறிவிட்டது என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. அழுவாள், திட்டுவாள், பொறுத்துக்கொள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், எனக்கும் அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹசிந்தோ