நாலாயிரம் பேர் வந்த படம்

21.01.1985, திங்கள்

அடுத்த மாத முடிவில் வட்டாரக் கண்காட்சி. எங்கள் பாடசாலைக்குக் கிடைத்த தலைப்பு: 'நமது கரை, 1600–1640'. சரித்திரம் செல்லத்தங்கத்துக்கு, சித்திரம் எனக்கு. அவள் பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து சைக்கிளில் வருகிறவள். ஆறு வருடமாக ஆசிரியர் அறையில் எனக்கு அடுத்த கதிரை.

இன்று இடைவேளையில் நாற்பது வருடக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். 1602இல் ஒல்லாந்தக் கப்பல் மட்டக்களப்புக்கு வந்தது. 1626இல் போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களைத் துரத்த, கண்டி அரசன் நாலாயிரம் பேரை இந்தப் பக்கம் குடியேற்றினான். இரண்டே வருடம். போர்த்துக்கேயர் இங்கேயும் வந்து கோட்டை கட்டிவிட்டார்கள்.

"துரத்தினவன் பின்னாலயே வந்திட்டான் பாருங்க முனவ்வறா."

29.01

கப்பற்காரன் ஒருவன் அந்தக் காலத்தில் கீறிய கரைப்படத்தின் பிரதியைச் செல்லத்தங்கம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுப்பித்திருக்கிறாள். கடலுக்குள் எங்கும் ஆழத்தின் இலக்கங்கள். தரையில் ஒரு யானை, இரண்டு மரம். அவ்வளவுதான்.

என் கணவர் மசூர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். மேசையில் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இதே காலத்துலதான் இத்தாலியில ஒருத்தன் குழாய்க்குள்ளால பாத்து, சந்திரனுல மலை இரிக்கி எண்டு சொன்னான்" என்றார்.

சந்திரனில் மலை தெரிந்திருக்கிறது. இந்தக் கரையில் ஒரு மனிதர் தெரியவில்லை.

06.02

மருதமுனைத் தறித் துணி எட்டடி. பெட்டி படுக்கையோடும் பிள்ளைகளோடும் மணலில் வந்துகொண்டிருக்கும் அந்த நாலாயிரம் சனம். இடது ஓரத்தில் ஒரு பெண் செம்பை நீட்டித் தண்ணீர் கொடுக்கிறாள். இந்தக் கரைக்காரி, தமிழ்ப் பெண். அவளுக்குச் செல்லத்தங்கத்தையே நிறுத்தி வரைந்தேன். சிவப்புச் சேலை. முக்கால் மணித்தியாலம் அசையாமல் நின்றாள்.

"கை கடுக்குது முனவ்வறா. அந்தச் சனத்துக்குக் கெதியாத் தண்ணியக் குடுத்து முடிங்க."

சிரித்ததில் தூரிகை வழுக்கிவிட்டது.

13.02

கண்காட்சிக் குழுத் தலைவர் றஸாக் ஹாஜியார் வந்தார். படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"படம் நல்லம். இந்தப் பொம்புள ஆர்?"

சொன்னேன்.

"நாம தண்ணிக்குக் கையேந்தி வந்த மாதிரிக் கிடக்கு. இதக் காட்டி நாளைக்கு நம்மள வந்தான் வரத்தான், இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதவன் எண்டு சொல்லுவாங்க. எடுத்துப் போடுங்க டீச்சர்."

அதிபர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் "சரி" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவர் மிரட்டவில்லை. சத்தமாகக்கூடக் கதைக்கவில்லை.

14.02

இன்று செல்லத்தங்கம் லீவு. வெள்ளை அடித்து, மேலே ஒரு தென்னை மரம் வரைந்தேன். முகத்தைக் கடைசியாகத்தான் அழித்தேன்.

18.02

செல்லத்தங்கம் மரத்தின் முன்னால் நின்றாள். நான் முந்திக்கொண்டேன். "தண்ணி பட்டுக் கெட்டுப் போச்சு, அதான்."

"ஓம். மரம் நல்லா வந்திரிக்கி."

04.03

இரண்டாம் பரிசு. துணியைத் திரும்பக் கொண்டுவந்து மண்டபத்தில் மாட்டியிருக்கிறது. அடிமரத்தில் இலேசாகச் சிவப்புத் தெரிகிறது.

14.04, ஞாயிறு

புகை. பின்னேரம் முழுக்கப் புகை. எங்கள் ஊருக்கும் பக்கத்துத் தமிழ் ஊருக்கும் கலவரம். யார் தொடங்கியது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் சாவு, மையித்துகள்.

"செல்லத்தங்கத்திட வீட்ட போய்ப் பாத்துட்டு வாறன்" என்றேன். மசூர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"உனக்குப் பைத்தியமா? றோட்டுல ஆர் எவரக் கொல்லுறான் எண்டே தெரியா."

போகவில்லை. அவர் மறித்ததாலா? மறிக்காவிட்டால் போயிருப்பேனா?

17.04

அவள் வீடு எரிந்துவிட்டதாம். ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

13.05

பாடசாலை திறந்தது. பக்கத்துக் கதிரையில் யாரோ கொப்பிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

மண்டபத்துக்குப் போனேன். சிவப்பு நன்றாக மேலே வந்துவிட்டது. மரத்துக்குள் ஒரு சேலை நிற்கிறது. இரண்டாம் முறையும் வெள்ளை அடித்தேன். சிவப்புத் தூளுக்கு அந்தக் குணம் உண்டு, எதைப் பூசினாலும் ஊறி வரும். பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற பாடம். பிறகு ஏன் செம்பு இருந்த இடத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு? கை கடுக்குது, கெதியா, கெதியா எண்டு காதுக்குள்ள கேட்டுக்கொண்டே இரிக்கி. யா அல்லாஹ், அவ உசிரோட இரிக்காளா?

02.07

இருக்கிறாள்.

இடமாற்றக் கடிதம் எடுக்க வந்திருந்தாள். உள்ளே வரவில்லை. தம்பியை அனுப்பிவிட்டுப் படலையடியில் வெயிலில் நின்றாள். ஓடிப் போனேன். மெலிந்திருந்தாள். அம்மாவோடு மட்டக்களப்பில் சின்னம்மா வீட்டில் இருக்கிறார்களாம்.

"சுகமா டீச்சர்?"

டீச்சர்! ஆறு வருடத்தில் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"செல்லம், அந்தப் படத்துல நான்..."

"தெரியும். தண்ணி பட்ட துணி சுருங்குமே. அது சுருங்கல்ல."

"ஏன் அண்டைக்கே கேக்கல்ல?"

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன். பங்குனி முழுக்கப் பாத்தன்."

தம்பி கடிதத்தோடு வந்துவிட்டான். மன்னிப்பு என்ற சொல் வாயில் இருந்தது. அவள் பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

07.12, சனி

மசூரிடம் கேட்கவில்லை, சொன்னேன். தனியே பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனேன். இரண்டு இடத்தில் ஆமிக்காரர் இறக்கிச் சோதித்தார்கள். காலை வெயிலில் விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தவ அவளுடைய அம்மா. வாசலில் நின்றபடியே என் பெயரைச் சொன்னேன்.

"அவள் இல்ல மகள். போன மாசம் மன்னாருக்குப் போய் வள்ளம் ஏறிட்டாள். தம்பியப் பிடிச்சிருவாங்க எண்டு அவனையும் கூட்டிக்கொண்டு போனாள்."

"முகவரி?"

"கடலுக்கு அங்கால என்ன முகவரி? ஏதோ முகாமாம்."

வந்த விஷயத்தை அவவிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவ என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"நீங்கதானே படம் கீறுற டீச்சர்? உங்களப் பத்தித்தான் எந்த நாளும் கதை. நல்ல கை எண்டு சொல்லுவாள்."

கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இடமில்லை. கல்முனை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.