திரையை இழுத்துவிட்டுத்தான் கேட்பேன்

என் ஆசைப் பவுனு அக்கா,

மெர்டேக்கா வந்துவிட்டது, நாட்டுக்குச் சுதந்திரம். நான் இருக்கும் காஜா பெராங்கில் வீட்டுக்கு வீடு கொடி கட்டினார்கள். நீ பெற்றுவிட்டுப் போன பிள்ளை தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடித் தொண்டை கட்டிப்போய் வந்தான். உன் வாய் அப்படியே அவனுக்கு.

அந்த வாயை ஆஸ்பத்திரியில் கட்டிப்போட்டது யார் அக்கா?

அவனைப் பெற்ற கையோடு, காய்ச்சலென்று உன்னை எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். டாக்டருக்கு ஆங்கிலம், நர்ஸ் மிஸ்ஸிக்கு மலாய், உனக்குத் தமிழ் மட்டும். தமிழ் தெரிந்த ஆளென்று, மருந்து கட்டும் டிரஸ்ஸரைக் கூப்பிட்டார்கள். அவரோ அத்தானின் பெரியப்பா மகன், உனக்கு மூத்தார். அவர் எதிரில் உட்காரக்கூடத் துணியாத நீ, ரத்தம் நிற்காமல் போவதை எப்படிச் சொல்வாய்?

"வவுத்து வலிங்க" என்றாய். அவர் அதைத்தான் டாக்டரிடம் சொன்னார். அதற்குத்தான் மருந்தும் கொடுத்தார்கள்.

நான் பார்க்க வந்தபோது என் காதில் சொன்னாய்: "அவரு முன்னால எப்புடிடீ சொல்றது?" நான் மிஸ்ஸியிடம் ஓடினேன். டாக்டர் வருவதற்குள் நீ போய்விட்டாய். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

பிறகு பெரிய மிஸ்ஸியிடம் போனேன். பொம்பளைகளுக்குப் பேச ஒரு பொம்பளையை வையுங்கள், நானே வருகிறேன் என்றேன். தமிழுக்குத்தான் ஆள் இருக்கிறாரே என்று அனுப்பிவிட்டார். மறுபடி போனேன், அதே பதில். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம். இந்த அம்மி நகர்கிற வழியாய்க் காணோம்.

போன வாரம் என் பக்கத்து வீட்டு மங்களத்தை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் மலாக்கா செட்டி வீட்டுப் பெண். சாமி நம் சாமி, வீட்டுப் பேச்சு மலாய். நெற்றியில் திருநீற்றைப் பார்த்ததும் மிஸ்ஸி ஒரு வார்த்தை பேசிப் பார்க்காமல் டிரஸ்ஸரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் தமிழில் கேட்கக் கேட்க, மங்களம் மரியாதைக்குச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லையாம் என்று எழுதப் போனார்கள்.

அந்த நேரம் நான் கஞ்சியோடு நுழைந்தேன். அவள் முகம் வெளுத்திருந்த வெளுப்பு எனக்குத் தெரிந்த வெளுப்பு அக்கா.

"அண்ணே, இவங்களுக்குத் தமிழே தெரியாது! கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன். திரையை இழுத்துவிட்டு, ரத்தம் போகிறதா என்று மலாயில் கேட்டேன். "டாரா, காக், பாஞ்ஞா" என்று அழுதாள். நிறைய ரத்தமாம். நான் போட்ட கூச்சலில் டாக்டரே ஓடி வந்தார். மங்களம் பிழைத்துவிட்டாள்.

வாசலில் டிரஸ்ஸர் நின்றிருந்தார். "பவுனும் இப்படித்தானாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு, "பெரிய மிஸ்ஸிகிட்ட நானே சொல்றேன். பொம்பளைக்குப் பொம்பளதான் சரி" என்றார். சொன்னபடி சொல்லியும்விட்டார், பெரிய மிஸ்ஸியும் சரியென்றுவிட்டார்.

நாளையிலிருந்து காலையில் வார்டில் நிற்பேன். சீனத்திகள் வந்தால்? அவர்கள் பேச்சையும் கற்றுக்கொள்கிறேன், நாக்கு என்ன தேய்ந்தா போகும்? யார் வந்தாலும் ஆண்களை வெளியே அனுப்பி, திரையை இழுத்துவிட்டு, குனிந்து கேட்பேன்: "ரத்தம் போவுதாக்கா?"

உன்னிடம் ஒருவரும் கேட்காததை, அக்கா, இனி ஒருத்தியிடமும் கேட்காமல் விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
உன் பிள்ளை அம்மா என்று கூப்பிடும்
சரசு